ராசியான கை

கொஞ்சம் வியர்க்கிறது என்பதைத் தவிர இந்தக் கையில் விசேஷமாக எதுவும் இல்லை. கட்டைவிரல் நகம் உடைந்திருக்கிறது. நடுவிரலில் சில்வர் நைட்ரேட் பட்ட கறுப்பு இன்னும் போகவில்லை. இதைப் போய் இவர்கள் ஏன் இப்படிப் பார்க்கிறார்கள், ஏதோ இன்றைக்குக் காலையில்தான் முளைத்த மாதிரி?

அவள் இதை யாரிடமும் சொல்லவில்லை. பக்கத்து ஆய்வகத்திலிருந்து வந்த இரண்டு பேர், ஆளுக்கொரு குடுவையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, காய்ச்சல் வந்த குழந்தையை டாக்டரிடம் காட்ட வந்தவர்கள் போல வரிசையில் நின்றிருந்தார்கள். சுவரில் ‘கையுறை இன்றி எதையும் தொடாதீர்’ என்று சிவப்பு எழுத்தில் ஒட்டியிருந்தது. அதற்கு நேர் கீழே உட்கார்ந்து, கையுறையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, அவள் ஒவ்வொரு குடுவையாகத் தொட்டுக் கொடுத்தாள். கையுறையோடு தொட்டால் பலிக்காது என்பது பேராசிரியரின் கருத்து. ராசி ரப்பருக்குள் புகாதாம். அவர் கரிம வேதியியலில் இரண்டு பாடப்புத்தகங்கள் எழுதியவர்.

அவள் இங்கே வந்தது இதற்காக இல்லை.

இரண்டாம் ஆண்டு தொடங்கிய வாரத்தில் துறையின் அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டப்பட்டது. இளநிலை வேதியியல் மாணவர்களுக்கு அரிய ஆராய்ச்சி வாய்ப்பு என்று அதில் இருந்தது. ‘அரிய’ என்பதற்குக் கீழே இரட்டைக் கோடு. படித்த அன்று இரவு அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் விடை இல்லாத ஒரு கேள்வியைத் தொட வேண்டும் என்று அவளுக்கு வெகுநாளாக ஆசை. நேர்முகத்துக்கு அதையே ஒரு நல்ல வாக்கியமாக்கிக் கண்ணாடி முன் நின்று ஒத்திகை பார்த்துக்கொண்டு போனாள். பேராசிரியர் அதைக் கேட்கவேயில்லை. சனிக்கிழமை வர முடியுமா என்று கேட்டார். பிறகு, கண்ணாடிச் சாமான் உடைக்கிற பழக்கம் உண்டா என்று கேட்டார்.

இரண்டாவது கேள்விதான் சிக்கல். வீட்டில் அவள் பெயர் டமால். அண்ணன் வைத்த பெயர். ஊறுகாய் ஜாடி, அம்மாவின் கைக்கண்ணாடி, பக்கத்து வீட்டுக்காரர் ஒரு நாள் பார்த்துக்கொள்ளச் சொல்லிக் கொடுத்த மீன் தொட்டி என்று அந்தப் பெயருக்கு நீண்ட வரலாறு உண்டு. அவள் கல்லூரியில் இருக்கும்போது சமையலறையில் ஏதாவது விழுந்தால்கூட அண்ணன் கூடத்திலிருந்து, “டமால், நீயா?” என்று கேட்பானாம். அம்மா சிரிப்பாளாம். இந்தக் கையில் எதுவும் தங்காது, எதைத் தொட்டாலும் உருப்படாது என்று அம்மா கோபமில்லாமல்தான் சொல்வாள், வெயில் அடிக்கிறது என்று சொல்வது போல. அதனால்தான் அவளுக்கு அது மனதில் ஆழமாக இறங்கியிருந்தது. கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்குக் கோபப்பட்டிருக்கலாம்.

பேராசிரியரின் கேள்விக்கு அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அடக்கமான பெண் என்று அவர் எடுத்துக்கொண்டார். வாய்ப்பு கிடைத்தது.

வாய்ப்பு கழுவுதொட்டிக்கு இடப்பக்கம் இருந்தது. வந்த அழுக்குச் சாமானை இடப்பக்கம் குவிப்பார்கள். அவள் கழுவி வலப்பக்கம் கவிழ்ப்பாள். ஆராய்ச்சி என்பது பொறுமை என்று பேராசிரியர் அவ்வப்போது அந்த வழியாகப் போகும்போது சொன்னார். போகிற போக்கில் தன் தேநீர்க் கோப்பையையும் இடப்பக்கமே வைத்துவிட்டுப் போவார்.

ஆய்வகத்தில் உண்மையில் வேலை செய்தது இவள் ‘அக்கா’ என்று கூப்பிட்ட ஒருத்திதான். அவள் முனைவர் பட்ட மாணவி. சேர்ந்தபோது எடுத்த அடையாள அட்டைப் படத்தில் இருக்கும் பெண்ணை இப்போது அவளுடைய தங்கை என்று சொல்லலாம். அவள் செய்த புதிய சேர்மம் ஒன்று, தேன் நிறத்தில் பிசுபிசுவென்று ஒரு எண்ணெயாகவே இருந்தது. அது படிகமாக வேண்டும். படிகமானால்தான் எக்ஸ்-ரே கருவியில் வைத்து அதன் உள்ளமைப்பைப் பார்க்க முடியும். பார்த்தால்தான் கட்டுரை, கட்டுரை வந்தால்தான் பட்டம், பட்டம் வந்தால்தான் கல்யாணமா வேலையா என்ற வீட்டுச் சண்டையையே ஆரம்பிக்க முடியும் என்பாள் அக்கா. எண்ணெய்க்கு இதெல்லாம் தெரியவில்லை. குளிர்பெட்டியில் வைத்தார்கள், வெயிலில் வைத்தார்கள், கரைப்பான்களை மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். அது தேனாகவே இருந்தது.

நாளாக ஆக ஆய்வகத்தில் படிகம் என்ற வார்த்தையையே சொல்வதை நிறுத்திவிட்டார்கள். சொன்னால் வராதாம். ‘விருந்தாளி’ என்றார்கள். காலையில் பேராசிரியர் கதவைத் திறந்துகொண்டு தலையை மட்டும் நீட்டி, “விருந்தாளி வந்தாச்சா?” என்று கேட்பார். இல்லையென்றால் உடம்பு உள்ளே வராமலே திரும்பிவிடும். அக்கா ஒரு பச்சைச் சட்டை வைத்திருந்தாள். எண்ணெயைக் குளிர வைக்கிற நாளில் அதைத்தான் போடுவாள். அதைத் துவைத்தாளா என்று கேட்கும் தைரியம் யாருக்கும் இல்லை.

இத்தனைக்கும் இதற்கு ஒரு வழி உண்டு, முதலாண்டு மாணவருக்குக்கூடத் தெரிந்த வழி. குடுவையின் உள்பக்கத்தைக் கண்ணாடிக் குச்சியால் கீறினால் போதும். அந்தக் கீறலைப் பிடித்துக்கொண்டு படிகம் வளர ஆரம்பிக்கும். ஆனால் ஆய்வகத்தில் இருந்தவை வெளிநாட்டிலிருந்து கப்பலில் வந்த குடுவைகள். பேராசிரியர் அவற்றைப் பஞ்சு வைத்த அலமாரியில் பூட்டி வைத்து, சாவியைத் தன் கண்ணாடிக் கூட்டோடு சேர்த்து வைத்திருந்தார். அவற்றில் ஒரு கீறல் விழுந்தால் அவர் முகத்தில் விழுந்த மாதிரி. கீறக் கூடாது என்று சேர்ந்த முதல் நாளே சொல்லிவிடுவார். அதனால் அக்கா, தூங்குகிற குழந்தையின் கன்னத்தைத் தடவுவது போலக் குச்சியால் கண்ணாடியைத் தடவிவிட்டு, கீறியாயிற்று, பலனில்லை என்று எழுதிவைப்பாள்.

ஒரு வெள்ளிக்கிழமை பேராசிரியர் தன் கப்பல் குடுவைகள் எல்லாம் திங்களன்று அலமாரியில் இருக்க வேண்டும் என்றார். ஒன்றின் அடியில் அக்காவின் எண்ணெய் கொஞ்சம் கரைசலாக மிச்சம் இருந்தது. கொட்டிவிடு என்று அக்கா சொல்லிவிட்டுப் போனாள். இவளுக்குக் கொட்ட மனம் வரவில்லை. கீழ்த்தளத்து மாணவர் செய்முறைக் கூடத்திலிருந்து தனக்கென்று கொண்டுவந்திருந்த பழைய குடுவையில் ஊற்றி, வாயில் பஞ்சு அடைத்து, ஜன்னல் ஓரம் வைத்துவிட்டுப் போனாள். வருடாவருடம் மாணவர்கள் குச்சியை விட்டுக் குடைந்து குடைந்து அந்தக் குடுவையின் அடிப்பாகம் பனி மூடிய மாதிரி மங்கியிருந்தது.

திங்கட்கிழமை அதற்குள் விருந்தாளி உட்கார்ந்திருந்தார். வெள்ளையாக, ஊசி ஊசியாக.

அக்கா முதலில் கத்தவில்லை. குடுவையைப் பார்த்தாள், பிறகு இவளைப் பார்த்தாள். “நீ என்ன பண்ணே?” என்றாள். “ஒண்ணும் பண்ணலக்கா. வச்சேன்.” அக்கா கழுவுதொட்டியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பேராசிரியர் அன்றைக்கு முழு உடம்போடு உள்ளே வந்தார். குடுவையை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, அவர் பார்த்த அடுத்த பொருள் அவளுடைய கை.

“கைராசிம்மா உனக்கு” என்றார்.

அதன்பிறகு ஆராய்ச்சி முறையாக நடக்க ஆரம்பித்தது. அக்கா எண்ணெய் செய்வாள். இவள் தொடுவாள். தன் குடுவையில் ஊற்றி ஜன்னலோரம் வைப்பாள். விருந்தாளி வருவார். அந்தச் சேர்மத்துக்கு உடன்பிறந்தவை ஏழெட்டு இருந்தன; ஒவ்வொன்றாக வந்து உட்கார்ந்தன. செய்தி மாடிப்படி வழியாகப் பரவியது. மற்ற ஆய்வகங்களிலிருந்து குடுவைகள் வந்தன. அலுவலகத்திலிருந்து எழுத்தர் ஒருவர் வந்து, அச்சு இயந்திரம் மூன்று நாளாக வேலை செய்யவில்லை, ஒரு நிமிடம் வந்து கை வைத்துவிட்டுப் போகச் சொன்னார். அவள் போனாள். யாரோ அதன் மின்கம்பியைப் பிடுங்கிவிட்டுச் செல்பேசிக்கு மின்னேற்றிக்கொண்டிருந்தார்கள். அவள் கம்பியை மாட்டினாள். இயந்திரம் ஓடியது. எழுத்தர் மற்ற மேசைகளைப் பார்த்து, சொன்னேனில்லையா என்பது போலத் தலையாட்டினார்.

இதில் அவளுக்கே புரியாத ஒன்று இருந்தது. அவளுக்கு இது பிடித்திருந்தது.

அம்மா ஒரு பல் மருத்துவரிடம் வரவேற்பு மேசையில் வேலை பார்த்தாள். பல்வலியோடு காத்திருப்பவர்கள் வேறு வழியில்லாமல் எதையும் கேட்பார்கள். மகளின் கையைப் பற்றி அவர்கள் எல்லோரும் கேட்டார்கள். ஒரு நாள் வீட்டுக்கு வந்த அம்மா, டாக்டரே ஒரு தடவை கூட்டிக்கொண்டு வரச் சொன்னார் என்றாள், பெருமையை மறைக்க முயன்று முடியாமல். அண்ணன் மட்டும் விடவில்லை.

“அது வேற ஒண்ணுமில்லம்மா. இவ தொட்டா எங்க உடைஞ்சிருவோமோன்னு பயந்து அதுங்களே கெட்டியாயிடுது.”

“நீ சும்மா இருடா. உன் கையால இதுவரைக்கும் என்ன ஆச்சு?” என்றாள் அம்மா.

அன்று இரவு வீட்டில் விருந்தினர் இருந்தார்கள். அம்மா பரணிலிருந்து, அவளை இதுவரை தொட விடாத பெரிய கண்ணாடிக் கிண்ணத்தை இறக்கி, நிரப்பி, யோசிக்காமல் அவளிடம் நீட்டி, கொண்டுபோய் மேசையில் வை என்றாள். யோசிக்காமல் நீட்டினாள் என்பதுதான் அவளுக்கு முக்கியமாக இருந்தது. சமையலறையிலிருந்து மேசை வரைக்கும் அவள் அந்தக் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். விழவில்லை. இருபது வயதில் ஒரு கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு நடந்ததற்குக் கண் கலங்குகிறதே என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது. படுக்கும்போது ஒரு நினைப்பு வந்தது: அம்மா என்னை நம்புவதற்கு ஒரு மூடநம்பிக்கை தேவைப்பட்டிருக்கிறது. அதை விரட்டிவிட்டுத் தூங்க முயன்றாள்.

ஆனால் அவள் வேதியியல் படிக்கிறவள். ஒரு நாள் படிகம் வரவில்லை. அன்றைக்கு அவளுடைய குடுவை வேறொன்றுக்குப் போயிருந்ததால் அக்கா கப்பல் குடுவை ஒன்றை வாங்கி வந்திருந்தாள். அவள் தொட்டாள்; இரண்டு கையாலும் தொட்டாள். எண்ணெய் தேனாகவே கிடந்தது. பேராசிரியர் அவளைத் தனியே அழைத்து, காலையில் வீட்டில் யாரோடாவது சண்டையா என்று பரிவோடு விசாரித்தார். அவள் பதில் சொல்லிக்கொண்டே அந்தக் குடுவையின் அடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பளிங்கு போல இருந்தது. தன் முகம் தெரிந்தது.

அப்போதுதான் அவளுக்கு ஒரு கேள்வி கிடைத்தது. முதல் கேள்வி, அவளுடைய சொந்தக் கேள்வி. அந்த மதியம் அவளுக்குப் பசிக்கவில்லை.

அவள் பேராசிரியரிடம் போய், சின்னதாக ஒரு சோதனை செய்து பார்க்க அனுமதி கேட்டாள். பழைய குடுவையில் வேறு யாராவது வைக்கட்டும். கப்பல் குடுவையில் நான் வைக்கிறேன். எதில் வருகிறது என்று பார்ப்போம். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஒரு பெரியவர் சின்னப் பெண்ணிடம் ஒரு நாசூக்கான விஷயத்தை எப்படிச் சொல்வது என்று தேடுகிற முகம்.

“இதையெல்லாம் ஆராய்ச்சி பண்ணக்கூடாதும்மா” என்றார். “பண்ணினா போயிடும்.”

அவள் அதைச் சனிக்கிழமை மதியம் செய்தாள். அக்காவைக் கெஞ்சித்தான் சம்மதிக்க வைத்தாள். கையுறை போட்டுக்கொண்டு அக்கா பழைய குடுவையில் ஊற்றினாள். வெறும் கையோடு இவள் கப்பல் குடுவையில் ஊற்றினாள். இரண்டையும் ஒரே ஜன்னலில் வைத்தார்கள். திங்கட்கிழமை அக்காவுடையதில் விருந்தாளி வந்திருந்தார். இவளுடையதில் தேன். மறுபடி செய்தார்கள், இந்த முறை கீழ்த்தளத்திலிருந்து இன்னும் இரண்டு மங்கிய குடுவைகளைக் கொண்டுவந்து, அவற்றை அக்காவையே கழுவச் சொல்லி. இரண்டிலும் வந்தது. ஊற்றும்போதும் வைக்கும்போதும் இவள் கை அருகில்கூடப் போகவில்லை.

தோற்றவள் அவள்தான். ஆனால் மாடிப்படியில் இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது, அவ்வளவு சந்தோஷம். கண்ணாடி முன் நின்று ஒத்திகை பார்த்த அந்த வாக்கியம் இதைப் பற்றித்தானா, இவ்வளவு சின்னதா, இவ்வளவு பெரியதா என்று நினைத்துக்கொண்டாள்.

“எனக்கு மட்டும் தெரியாதாடி?” என்றாள் அக்கா, படிகங்களை வடிகட்டிக்கொண்டே. “முதல் நாளே சந்தேகம்தான். இருந்தாலும் நீ தொட்டுட்டே இரு. பிளாஸ்க்கும் இருக்கட்டும், உன் கையும் இருக்கட்டும். ரெண்டுல எதுன்னு தெரிஞ்சு எனக்கு என்ன ஆகப்போகுது? எனக்கு தீசிஸ் முடியணும்.”

பச்சைச் சட்டைதான் போட்டிருந்தாள்.

பேராசிரியரிடம் இவளே போய்ச் சொன்னாள். அவர் முழுக் கவனத்தோடு கேட்டார். அதுதான் அவரிடம் கஷ்டம், நன்றாகக் கேட்பார். கீறல்களைப் பற்றிச் சொன்னபோது தலையாட்டினார். அவருடைய பாடப்புத்தகத்திலேயே அது ஒரு முழுப் பத்தியாக இருக்கிறது. கேட்டு முடித்துவிட்டு, “அந்தப் பழைய பிளாஸ்க்கை இவ்வளவு நாளா கழுவினது யாரு?” என்றார்.

“நான்தான் சார்.”

“அப்போ?”

அவள் விடவில்லை. மற்ற இரண்டு குடுவைகளைப் பற்றிச் சொன்னாள், அவற்றைத் தான் கழுவவில்லை என்றாள். யார் தூக்கிக்கொண்டு வந்தது என்று அவர் கேட்டார். அவள்தான் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள். அவர் சிரித்தார், அன்பாகத்தான். மறுநாள் அந்தப் பழைய குடுவைகள் மூன்றும் பஞ்சு வைத்த அலமாரிக்குள் போயின. அவளைத் தவிர யாரும் கழுவக் கூடாது என்று ஒரு சீட்டு ஒட்டப்பட்டது.

இறுதியாண்டு நெருங்கியது. பேராசிரியரின் ஆய்வகத்தில் இளநிலை மாணவருக்கு ஒரே ஒரு ஆய்வுத் திட்ட இடம்தான். மற்றவர்களுக்கு நூலகத்தில் உட்கார்ந்து பழைய கட்டுரைகளைச் சுருக்கி எழுதும் வேலை. அந்த ஒரு இடம் இருந்தால்தான் மேல்படிப்புக்குப் போகிற இடத்தில் மதிப்பார்கள். அவளுக்கு அது வேண்டும். கண்ணாடி கீறுவதால் ஏன் படிகம் வருகிறது, எந்த அளவு கீறலுக்கு வருகிறது, எதற்கு வராது என்று ஒரு வருடம் முழுக்கச் செய்து பார்க்க வேண்டும். அதைப் பக்கம் பக்கமாக எழுதி அவர் மேசையில் வைத்தாள்.

அவர் அதை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, இடம் அவளுக்குத்தான், அதில் சந்தேகமே வேண்டாம் என்றார். வியாழக்கிழமை ஒரு மருந்து நிறுவனத்தின் ஆட்கள் ஆய்வகத்தைப் பார்க்க வருகிறார்கள். அவளுடைய கையைப் பற்றி அவர்களிடம் ஏற்கெனவே சொல்லியாயிற்று. சிரித்தார்களாம், ஆனால் பார்க்க வேண்டும் என்றார்களாம். அவர்கள் முன்னால் தொட்டு வைத்தால் போதும். பிறகு வருடம் முழுக்க அவள் இங்கேயே இருக்கலாம்.

“இருந்து நான் என்ன பண்ணணும் சார்? தொடறதைத் தவிர?”

அவர் உண்மையாகவே யோசித்தார். “கழுவலாமே” என்றார்.

புதன்கிழமை இரவு அம்மா அவளுக்காக வெள்ளைக் கோட்டை இஸ்திரி போட்டாள். அம்மாவின் கை கோட்டின் காலரைத் தடவித் தடவி மடிப்பெடுப்பதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். நாளைக்கு நான் தொடாவிட்டால் மறுபடி நான் டமால்தான். அம்மா கிண்ணத்தைத் தானே தூக்கிக்கொள்வாள், கோபமே இல்லாமல். தொட்டால்? தொட்டால் அந்த மூன்று குடுவைகளைப் போல நானும் பஞ்சுக்குள் இருப்பேன். யாரும் என்னைக் கேள்வி கேட்க மாட்டார்கள். என்னையும் கேட்க விடமாட்டார்கள். இதை அம்மாவிடம் சொல்ல வாயைத் திறந்தாள். “கசங்காம போட்டுக்கோ” என்றாள் அம்மா.

வியாழக்கிழமை காலையில் ஆய்வகத்தின் தரை இன்னும் ஈரமாக இருந்தது. அக்கா கடைசிச் சாமான்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். பேராசிரியர் புதுச் சட்டை போட்டிருந்தார், கழுத்துப் பட்டன் இறுக்கிப் பிடித்தது. ஆட்கள் கீழே தேநீர் குடித்துக்கொண்டிருக்கிறார்கள், ஐந்து நிமிடத்தில் மேலே வந்துவிடுவார்கள், அதற்குள் ஒரு தடவை ஒத்திகை பார்த்துவிடலாம் என்றார். கரைசல் ஊற்றிய பழைய குடுவையை இரண்டு கையாலும் ஏந்தி அவள் முன்னால் நீட்டினார். குடுவை இளஞ்சூடாக இருந்திருக்க வேண்டும். வாயோரம் ஆவி படிந்திருந்தது.

அவள் கையை நீட்டவில்லை.

“இது தன்னாலயே வரும் சார்” என்றாள். “ஜன்னல்ல வச்சா போதும். யார் வச்சாலும் வரும்.”

“தெரியும்மா. நீ சும்மா ஒரு தடவை தொடு.”

“வேண்டாம் சார்.”

அவருக்குப் புரியவில்லை. கையில் ஏதாவது பட்டுவிட்டதா, எரிகிறதா என்று கேட்டார். இல்லை, கை நன்றாகத்தான் இருக்கிறது என்றாள். பயமா என்றார். இல்லை என்றாள். அந்த ஒரு இடத்தைக் கேட்டு இன்னும் மூன்று பேர் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள் என்பதை அவர் மிரட்டலாகச் சொல்லவில்லை, ஞாபகப்படுத்துகிறவர் போலச் சொன்னார். அவளுக்கு அது தெரியும். படியில் செருப்புச் சத்தங்கள் கேட்க ஆரம்பித்தன. அவர் குடுவையை இன்னும் கொஞ்சம் அருகில் கொண்டுவந்தார்.

“ஒரே ஒரு தடவைம்மா. யாருக்கு என்ன நஷ்டம்?”

அக்கா குழாயை நிறுத்தினாள்.

“நான் தொடல சார்” என்றாள் அவள். குரல் உயரவில்லை. கையைக் கட்டிக்கொள்ளவும் இல்லை, பின்னால் மறைத்துக்கொள்ளவும் இல்லை. அது பக்கத்தில் சும்மா தொங்கிக்கொண்டிருந்தது, கொஞ்சம் வியர்வையோடு, யாருடைய கையையும் போல.